பட்டியல் வெளியான பின்: ஒரு மார்கழி சபாவின் அனுபவம்

பின்னணி

சென்னையில் மார்கழி இசை விழா நடத்தும் நடுத்தரச் சபா ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். சபாவின் பெயரும் கலைஞர்களின் பெயர்களும் இதில் வராது. அந்தச் சபாவில் நான் ஆயுள் உறுப்பினர், கமிட்டியில் இல்லை. விழாவின் நிகழ்ச்சிப் பட்டியல் வெளியானதும் வந்த கடிதங்கள், வாட்ஸ்அப் செய்திகள், அலுவலகத்தில் குறித்துவைத்த தொலைபேசிப் புகார்கள் எல்லாவற்றையும் படித்துத் தொகுத்துத் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் ரசிகர்கள் பக்கத்தையும் கமிட்டியின் பக்கத்தையும் கிட்டத்திலிருந்து பார்க்க முடிந்தது.

சென்னை விழாவின் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். 1927 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அங்கே எழுந்த யோசனையின் பேரில் 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. டிசம்பர்க் கச்சேரிகள் மெல்ல மெல்ல ஊர் வழக்கமாயின. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுகளுக்கு உரிய இடம் வேண்டும் என்று 1943-இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. இன்று மயிலாப்பூர், தி.நகர், ராயப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு சபா விழா நடத்திக்கொண்டிருக்கும். 2017-இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சென்னை இடம்பெற்றது. இத்தனை சபாக்களும் சில வாரங்களுக்குள், பெரும்பாலும் அதே கலைஞர்களை வைத்தே விழா நடத்தியாக வேண்டும். ஒவ்வொரு பட்டியலும் இந்த நெருக்கடிக்குள்தான் உருவாகிறது.

இந்தச் சபாவில் ஒரு நாளைக்கு நான்கு கச்சேரிகள். பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இளையவர்கள், அனுமதி இலவசம். 4 மணிக்கு, சபா வட்டாரத்தில் ‘சப்-சீனியர்’ என்று சொல்லப்படுபவர்கள். மாலை 7 மணிக்கு சீனியர் கச்சேரி. டிக்கெட் வருமானம் முழுவதும் அதிலிருந்துதான். 12 மணியிலிருந்து 4 மணிக்கு வர ஒருவருக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். 7 மணியை எட்டாமலே ஓய்ந்துபோகிறவர்கள் அதிகம். கச்சேரிக்காரர் வீடுகளில் சீசன் பேச்சு வந்தால் முதல் கேள்வி ‘எந்த ஸ்லாட்?’ என்பதுதான். எந்தச் சபா என்பதெல்லாம் அடுத்தது.

பட்டியல் தயாரான விதம்

வேலை ஆடி மாதமே தொடங்கிவிட்டது. முதலில் மாலை நேரப் பாடகர்களிடம் தேதி கேட்பார்கள். பெரிய சபாக்கள் கேட்டுப் போக மிச்சமிருக்கும் தேதிகளே நடுத்தரச் சபாவுக்குக் கிடைக்கும். பிறகு நன்கொடையாளர்கள். ஒரு மாலைக் கச்சேரியின் செலவை ஏற்கும் நிறுவனம், அன்று யார் பாடுகிறார் என்பதிலும் விருப்பம் தெரிவிக்கும். மாலைகள் நிரம்பிய பின்பே 4 மணி வரிசை, அப்புறம் பகல் வரிசை. பகல் ஸ்லாட்டுகளுக்கு விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக வரும். கமிட்டியில் இரண்டு பேர் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் அதைப் பொறுப்போடு செய்தார்கள் என்பதை நான் நேரில் பார்த்தேன். எந்த விண்ணப்பத்தை ஏன் எடுத்தார்கள், ஏன் விட்டார்கள் என்பது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

நாகஸ்வரத்துக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஒன்று, தொடக்க நாளன்று குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன் மங்கள இசை. இன்னொன்று, ஒரு வேலை நாள் காலை ஏழரை மணிக்கு ஒரு மணி நேர நிகழ்ச்சி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வரவேண்டிய குழு அது.

மாலைகளில் ஒன்று மட்டும் காலியாக நின்றது. வெளிநாட்டில் இருந்த ஒரு கலைஞர் வருவதாகச் சொல்லி உறுதிப்படுத்தாமல் இழுத்துக்கொண்டிருந்தார். நவம்பர் முதல் வாரம் பட்டியலை வெளியிட்டாக வேண்டும்; சீசன் டிக்கெட் விற்பனை அதை நம்பி இருக்கிறது. எனவே அந்த ஒரு மாலைக்கு ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அச்சான தாளை விவரித்தாக வேண்டும், பின்னால் வந்த பல புகார்களுக்கு அதுவே காரணம். நான்கு பக்க மடிப்பு. மாலைக் கலைஞர்களுக்குப் புகைப்படமும் பெரிய எழுத்தும். 4 மணிக்காரர்களுக்குப் படம் இல்லை, நடுத்தர எழுத்து. பகல் கச்சேரிகள் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அடைக்கப்பட்டிருந்தன. மதியக் கச்சேரிகளில் பாடுபவர் பெயர் மட்டும், பக்கவாத்தியக்காரர் பெயர்கள் இல்லை. காலை நாகஸ்வரம் கடைசிப் பக்கத்தின் அடியில், உணவு விடுதி நேரத்துக்கு மேலே ஒரே வரியாக இருந்தது: ‘நாகஸ்வரம், காலை 7.30’. வாசிப்பவர் யார் என்று இல்லை.

வெளியான வாரம்

பட்டியல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மாலையே தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது.

அதிகம் கேட்ட குரல், ஒரு பிரபலப் பாடகி ஏன் இல்லை என்பது. முந்தைய பல ஆண்டுகள் அவர் அங்கே பாடியவர், அரங்கு நிறையும். இந்த ஆண்டு பெயர் இல்லை என்றதும் ஊகங்கள் கிளம்பின. சன்மானத் தகராறு என்றார்கள். செயலாளரோடு மனஸ்தாபம் என்றார்கள். ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்ற மாலை அவருக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சாரார் நிச்சயமாகச் சொல்லி, அந்த நம்பிக்கையில் சீசன் டிக்கெட்டும் வாங்கினார்கள். உண்மையில் நடந்தது சாதாரணமான விஷயம். சபா கொடுத்த இரண்டு தேதிகளும் அவருக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவதாக, மாலைகளில் வருஷா வருஷம் அதே முகங்கள் என்ற குறை. இது எல்லாச் சபாக்களுக்கும் எல்லா ஆண்டும் வருவது. இந்த முறை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் முந்தைய ஆண்டுகளின் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து, மாலைப் பெயர்கள் எவ்வளவு மாறாமல் இருக்கின்றன என்று கோடு போட்டுக் காட்டி அனுப்பியிருந்தார். கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை. கமிட்டியை அதிகம் சங்கடப்படுத்திய கடிதம் அதுதான்.

தமிழ்ப் பாட்டுகளுக்குக் கச்சேரியில் போதிய இடமில்லை என்ற கடிதங்களும் வந்தன. பட்டியலில் யார் பாடுகிறார் என்று இருக்கிறதே தவிர என்ன பாடுவார் என்று இல்லை. தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் எல்லாம் கடைசிப் பதினைந்து நிமிடத் துக்கடாவுக்கு, அதாவது சின்னச் சின்னப் பாட்டுகளுக்கு, மட்டும்தானா என்று ஒருவர் கேட்டிருந்தார். எண்பது ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி இது, இன்னும் பழசாகவில்லை.

ஒரு கடிதம், மாலைக் கச்சேரிகளில் மிருதங்கத்துக்கு ஒரு பெண் பெயர்கூட இல்லை என்று சுட்டியது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1968-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்த ஊரில், பெண் பாடுவதை யாரும் இன்று கேள்வி கேட்பதில்லை. ஆனால் பெண் மிருதங்கக்காரர் ஓர் ஆண் பாடகருக்குப் பக்கத்தில் மாலை ஏழு மணிக்கு உட்காருவது ஏன் இத்தனை அபூர்வம் என்று எழுதியிருந்தார் ஒரு கல்லூரி மாணவி.

இவையெல்லாம் வெளியே கேட்ட குரல்கள். இன்னொரு வகை மெதுவாக, பல நாட்கள் கழித்து, பெரும்பாலும் நேரில் வந்தது.

பகல் 12 மணிக் கச்சேரி ஒன்றுக்கு மிருதங்கம் வாசிக்க இருந்த பையனின் அம்மா, அலுவலகத்துக்கு வந்து பட்டியலை மேசைமேல் விரித்தார். “சார், எம்புள்ள பேரு இதுல எங்கேயும் இல்லையே. சொந்தக்காரங்களுக்கு என்னன்னு சொல்லி அனுப்பறது?” என்றார். அவர் சண்டை போட வரவில்லை. அடுத்த அச்சில் சேர்க்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அதே வாரத்தில் ஒரு மூத்த கஞ்சிராக் கலைஞர் செயலாளரைத் தனியாக அழைத்து, பாடகர் பெயர் ஓர் அளவிலும் பக்கவாத்தியம் மூன்றில் ஒரு பங்கு அளவிலும் இருப்பதைச் சொன்னார். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் 1966-இல் சங்கீத கலாநிதி ஆன பிறகும் நம் அச்சகத்துக்கு மிருதங்கம் துணை வாத்தியம்தான் என்று அவர் வருத்தப்பட்டதாகச் செயலாளர் என்னிடம் சொன்னார்.

நாகஸ்வரக் குழுவின் தலைவர் தொலைபேசியில் பேசினார். அந்தப் பேச்சின்போது நான் அருகில் இருந்தேன், ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். மனிதர் மிகவும் மரியாதையாகத் தொடங்கினார். “வர்றோம் ஐயா, ஒத்துக்கிட்டாச்சு. ஆனா வேலை நாளு காலையில ஏழரைக்கு வாசிச்சா, கேக்குறதுக்கு நாங்க அஞ்சு பேருதான் இருப்போம். ராத்திரி பூரா வண்டியில வந்து எங்களுக்கு நாங்களே வாசிச்சுக்கவா?” கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, பெயரைக்கூடப் போடவில்லையே ஐயா என்றும் சொன்னார்.

புறநகரிலிருந்து வரும் வயதானவர்களிடமிருந்து வந்தது இன்னொரு குறை. 7 மணிக் கச்சேரி ஒன்பதரை தாண்டித்தான் முடியும். பாட்டை நிறுத்தித் தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது அவர்கள் எழுந்து போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். மிருதங்கத்தை மதிக்காத கூட்டம் என்று திட்டுவதும் வழக்கம். தாம்பரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: “தனியைக் கேட்க எனக்கும் ஆசைதான். ரயிலை விட்டால் அந்த நேரத்தில் ஆட்டோவுக்குக் கொடுக்க என்னால் முடியாது.”

தொகுத்தபோது தெரிந்தவை

எல்லாவற்றையும் பிரித்து அடுக்கியபோது எனக்கு ஒன்று தெளிவானது. சபா அந்தத் தாளைக் கால அட்டவணை என்று நினைத்து அச்சிட்டது. வாங்கிப் பார்த்தவர்கள் அதைத் தகுதி வரிசையாகப் படித்தார்கள். எந்த நேரம், எந்தப் பக்கம், எந்த எழுத்தளவு, படம் உண்டா இல்லையா என்ற ஒவ்வொன்றையும் சபாவின் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் படித்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. நேரமும் பெயரும் உண்மையிலேயே தகுதியைத்தான் சொல்கின்றன. சன்மானம், அடுத்த ஆண்டு வாய்ப்பு, வெளியூர்க் கச்சேரி எல்லாம் அதைப் பார்த்துத்தான் அமைகின்றன.

இன்னொன்று, உரத்துக் கேட்ட குறைகளுக்கும் சபா உடனே சரிசெய்யக்கூடிய குறைகளுக்கும் சம்பந்தமே இல்லை. பிரபலப் பாடகிக்காக அழைத்தவர்கள் ஏராளம். அவர்களுக்காகச் செய்ய ஒன்றும் இல்லை. பக்கவாத்தியப் பெயர்களுக்காகப் பேசியவர்கள் கை விரல்களில் அடங்குவார்கள். அதை ஒரு மறு அச்சில் முடித்துவிடலாம். எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணி வரிசைப்படுத்தியிருந்தால் கமிட்டி தவறான இடத்தில் நேரத்தைச் செலவிட்டிருக்கும். அதனால் அறிக்கையில் எண்ணிக்கையைப் பின்னுக்குத் தள்ளி, யாருக்கு என்ன இழப்பு, சபாவால் மாற்ற முடியுமா என்ற இரண்டையும் முன்னால் வைத்தேன்.

கமிட்டி எடுத்த முடிவுகள்

கூட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. வெளியிட்ட பட்டியலை மாற்றுவதா என்பதிலேயே முதலில் தகராறு. மூத்த உறுப்பினர் ஒருவர், ஒருமுறை மாற்றினால் அடுத்த ஆண்டு எல்லாரும் வந்து நிற்பார்கள் என்றார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. சபாக்கள் பொதுவாக வாய் திறக்காமல் இருப்பதற்கும் அதுவே காரணம். கடைசியில், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கலைஞரின் தேதியையோ கச்சேரி வரிசையையோ யாருக்காகவும் மாற்றுவதில்லை. ஆனால் அச்சு, தகவல், தொடங்கும் நேரம், காலியாக உள்ள இடம் ஆகியவற்றை மாற்றலாம் என்று முடிவானது. அந்த எல்லையை முதலிலேயே வகுத்துக்கொண்டதால் மீதிப் பேச்சு வேகமாக நடந்தது.

பாடகி பற்றிய ஊகங்களுக்கு என்ன செய்வது? செயலாளர் அவரிடமே பேசினார். அவர் சம்மதித்த வாசகத்தை, தேதிகள் பொருந்தாததால் இந்த ஆண்டு இல்லை, சபாவோடு எந்தப் பிணக்கும் இல்லை என்ற அளவில், உறுப்பினர்களுக்கு அனுப்பினார்கள்.

மாலைக் கச்சேரியின் தொடக்கத்தை ஏழிலிருந்து ஆறரைக்குக் கொண்டுவந்தார்கள். இதற்கு 4 மணிக் கச்சேரி ஆறே காலுக்குள் முடிந்தாக வேண்டும். அந்தக் கலைஞர்கள் ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டார்கள். இருவர் தவிர எல்லாரும் இசைந்தனர். அந்த இரண்டு நாளும் பழைய நேரமே இருக்கட்டும் என்று விட்டார்கள். வற்புறுத்தாமல் விட்டது சரியான முடிவு.

புதிய தாளில் எல்லாக் கச்சேரிகளுக்கும், பகல் 12 மணி உட்பட, எல்லாப் பக்கவாத்தியப் பெயர்களும் பாடகர் பெயரின் அதே எழுத்தளவில் வந்தன. இதனால் நான்கு பக்கம் எட்டுப் பக்கமானது. பொருளாளர் செலவைக் காட்டி மறுத்தார். படங்களைச் சின்னதாக்கி, முன்னுரையையும் வாழ்த்துச் செய்திகளையும் எடுத்துவிட்டுச் சமாளித்தார்கள்.

தமிழ்ப் பாட்டு விஷயத்தில் கலைஞர்களிடம் பாட்டுப் பட்டியல் முன்கூட்டியே கேட்கலாம் என்ற யோசனையைக் கமிட்டி கைவிட்டது. அரங்கில் உட்கார்ந்து, அன்றைய குரலையும் கூட்டத்தையும் பார்த்து ராகத்தைத் தேர்வது நம் கச்சேரியின் உயிர்நாடி. அதை நவம்பரிலேயே எழுதி வாங்குவது சரியல்ல என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்ததாகச் சொல்லப்படும் கச்சேரி அமைப்பில் தமிழ்ப் பாட்டு மெயினாக, அதாவது கச்சேரியின் முக்கியப் பாட்டாக, வருவதற்கு எந்தத் தடையும் இல்லை, அது பாடுபவர் மனதைப் பொறுத்தது. கலைஞர்களுக்கு அனுப்பிய கடிதத்தில், விரிவான ஆலாபனையும் நிரவலும் கொண்ட ஒரு தமிழ்க் கீர்த்தனையாவது இடம்பெற்றால் ரசிகர்கள் மகிழ்வார்கள் என்று ஒரு வரி மட்டும் சேர்த்தார்கள்.

பெண் மிருதங்கக் கலைஞர் விஷயத்தில் முடிவு எதுவும் எட்டவில்லை. மாலைக் கலைஞர்கள் பக்கவாத்தியத்தைத் தங்கள் விருப்பப்படி சொல்லி, சபாவும் ஏற்றாயிற்று. இனி மாற்றினால் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மிருதங்கக்காரரை இறக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டைப் பொறுத்தவரை அது உண்மை. முந்தைய ஆண்டுகளிலும் இதே பதில்தான் சொல்லப்பட்டிருக்கும் என்பதும் உண்மை.

பாக்கி இருந்தது அந்தக் காலி மாலை. வெளிநாட்டுக் கலைஞர் வரவில்லை என்று உறுதியாகிவிட்டது. இன்னொரு பாடகரைத் தேடலாம் என்றார்கள். அப்போது கமிட்டியில் வயதில் இளையவரான ஒரு பெண்மணி, நாகஸ்வரக் குழுவை அந்த மாலைக்கு மாற்றினால் என்ன என்று கேட்டார். டிக்கெட் வாங்கியவர்கள் பெரிய பாடகரை எதிர்பார்த்திருக்கிறார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று எதிர்ப்பு வந்தது. நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றிப் பேசாத ஆள் இங்கே உண்டா, 1998-இல் நாகஸ்வர வித்துவான் ஷேக் சின்ன மௌலானாவுக்குச் சங்கீத கலாநிதி கொடுத்த ஊர்தானே இது, பிறகு ஏன் நாம் மட்டும் அவர்களை விளக்கேற்றும் வரை வாசிக்கவிட்டு இறக்கிவிடுகிறோம் என்று அவர் கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. திருப்பிக் கேட்பவர்களுக்கு அந்த ஒரு நாள் தொகையைக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்து, இரண்டரை மணி நேரம், மாலைக் கலைஞருக்குரிய சன்மானம், தாளில் படமும் ஐந்து பேரின் பெயர்களும் என்று ஏற்பாடானது.

நாகஸ்வர மாலை

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மற்ற சபாக்கள் இதைச் செய்ய நினைத்தால் பயன்படும்.

கோயில் பிராகாரத்துக்கும் தெருவுக்கும் வளர்ந்த வாத்தியம் அது. மூடிய, குளிரூட்டிய அரங்கில் அதை வைக்கும்போது பாட்டுக் கச்சேரிக்குப் பழகிய ஒலி ஏற்பாடு அப்படியே பொருந்தாது. அன்று மதியம் மூன்று மணிக்குக் குழு வந்து சேர்ந்ததும் மூத்த வித்துவான் மேடையில் உட்கார்ந்து, நாகஸ்வரத்தில் பொருத்தி ஊதும் நாணல் முனையான சீவாளியை உதட்டில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே, “ஏசி எந்நேரமும் இப்படித்தான் ஓடுமா தம்பி?” என்று ஒலிப் பொறுப்பாளரிடம் கேட்டார். குளிரில் சுருதி இறங்கும், சீவாளி சீக்கிரம் காயும். அவர் கையில் இருந்தது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த, நீளம் கூடிய பாரி நாகஸ்வரம். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே குளிரைக் குறைத்து வைப்பதென்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்தது தவில். ஒலிப் பொறுப்பாளர் வழக்கம்போல ஒவ்வொரு தவிலுக்கும் மைக் வைத்திருந்தார். தவில்காரர் விரல் கூடுகளை மாட்டிக்கொண்டு வலப்பக்கமான வலந்தலையில் ஒரு சொல் தட்டி, கழியால் மறுபக்கமான தொப்பியில் ஓர் அடி போட்டதும் முதல் வரிசை நாற்காலி அதிர்ந்தது. உடனே தவில் மைக்குகளை எடுத்துவிட்டார்கள். பிறகு நாகஸ்வரத்துக்கும் வேண்டாம் என்று வித்துவானே சொன்னார். அரங்கின் கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து வாசித்துப் பார்த்தார்கள். எல்லாம் தெளிவாகக் கேட்டது. கடைசியில் பேசுவதற்கு ஒரு மைக் மட்டும் மிஞ்சியது. தவில்காரர்களைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி உட்காரவைத்ததும் முன்வரிசையின் அதிர்ச்சி குறைந்தது. ஆனாலும் முதல் மூன்று வரிசைக்கு ஓசை அதிகம்தான். நன்கொடையாளர்களுக்கான இருக்கைகள் அவை. அவர்களில் சிலர் நடுவில் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

கச்சேரி ஆறரைக்குத் தொடங்கியபோது அரங்கு பாதிகூட நிரம்பவில்லை. கோயில் சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியோடு தொடங்கினார்கள். ஏழே கால் சுமாருக்குக் கரகரப்ரியா ராக ஆலாபனை எடுத்தார் மூத்தவர். கீழ் ஸ்தாயியில் நின்று நின்று, ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் இழுத்து, பிறகு மெதுவாக மேலே ஏறிய அந்த வாசிப்பை இத்தனை விரிவாக ஒரு சபா மேடையில் நான் அதற்குமுன் கேட்டதில்லை. இணை வாசித்தவர் அவர் விட்ட இடத்தில் எடுத்து, அவர் காட்டாத ஒரு பிடியைக் காட்டினார். மூத்தவர் திரும்பிப் பார்த்து ‘பேஷ்’ என்றது மைக் இல்லாமலே எங்கள் வரிசைக்குக் கேட்டது. வெளியே கேண்டீனில் இருந்தவர்கள் சத்தம் கேட்டு உள்ளே வந்தார்கள், கதவோரம் நின்றார்கள். அன்று தவில் தனிக்கு யாரும் எழுந்து போகவில்லை. ஆறரை மணித் தொடக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்லவேண்டும்.

அரங்கு கடைசிவரை நிரம்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்றைய டிக்கெட் வருமானம் மற்ற மாலைகளைவிடக் குறைவு. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் சிலர். கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். அந்த நாளுக்கான நன்கொடை நிறுவனம் ஒன்றும் கிடைக்காததால் பற்றாக்குறையைச் சபாவின் பொது நிதியிலிருந்து ஈடுகட்டினார்கள்.

மற்ற விளைவுகள்

பாடகி பற்றிய விளக்கம் போன நாளிலிருந்து தொலைபேசி அடங்கிவிட்டது. ஒரு வாரம் முன்பே அதைச் செய்திருந்தால், ஊகத்தை நம்பி சீசன் டிக்கெட் எடுத்தவர்களின் ஏமாற்றம் இருந்திருக்காது. அவர்களில் ஓரிருவர் சபாவின்மேல் கசப்போடுதான் போனார்கள். அந்தக் கசப்பு நியாயமானது.

நேர மாற்றத்துக்கு வந்த நன்றி கமிட்டியே எதிர்பார்க்காதது. அலுவலகம் முடிந்து வருபவர்களுக்கோ அது தொந்தரவு. ஆறரைக்கு வந்து சேர முடியாமல் வர்ணத்தையும் முதல் கீர்த்தனையையும் இழந்தவர்கள் குறை சொன்னார்கள். ஒரு பக்கத்துக்கு நல்லதாக முடிந்தது இன்னொரு பக்கத்துக்குக் கெட்டதாக முடிந்தது. பணி ஓய்வு பெற்றவர்களே பெரும்பான்மையாக உள்ள அரங்கில் இது பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் இளைய ரசிகர்கள் வரவேண்டும் என்று ஏங்கும் சபா இதை ஒதுக்கிவிட முடியாது.

பக்கவாத்தியப் பெயர்கள் அச்சானதும் பகல் கச்சேரிகளுக்குக் கொஞ்சம் கூட்டம் கூடியது. மிருதங்கம் வாசித்த பையனின் வீட்டார் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். தனி முடிந்ததும் அவன் அம்மா கைதட்டவில்லை, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தமிழ்க் கீர்த்தனை பற்றிய அந்த ஒரு வரிக்குப் பலன் கலவையாக இருந்தது. சிலர் உண்மையாகவே விரிவாகப் பாடினார்கள். ஒருவர் கோபாலகிருஷ்ண பாரதியின் பாட்டை மெயினாக எடுத்து முக்கால் மணி நேரம் பாடினார். மற்றவர்கள் வழக்கப்படி விருத்தமும் திருப்புகழுமாகக் கடைசியில் முடித்தார்கள். கடிதம் எழுதிய பெரியவருக்குத் திருப்தி இல்லை.

அதே முகங்கள் என்ற குறைக்கு அந்த ஆண்டு எந்த விடையும் இல்லை. ஆசிரியரின் கோடு போட்ட தாள் செயலாளர் மேசைக் கண்ணாடியின் அடியில் இருக்கிறது.

மாற வேண்டியவை

விழா முடிந்தபின் கமிட்டிக்கு நான் கொடுத்த குறிப்பில் சொன்னவை இவை. மாலைக் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் விதியைப் பட்டியலுக்கு முன்பே உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் மாலையில் பாடலாம், 4 மணியிலிருந்து ஒருவரை எப்போது மேலே கொண்டுவருவது என்பதற்கு எழுத்தில் ஒரு வரையறை வேண்டும். அதற்கு நட்சத்திரங்கள் மனம் நோகலாம். நோகட்டும், வரையறை எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் கொஞ்ச நாளில் பழகிவிடும். கிடைக்காத கலைஞர்கள் பற்றி அவர்கள் சம்மதத்தோடு ஒரு வரி, பட்டியல் வெளியாகும் அன்றே வரவேண்டும். ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்ற மாலை இருந்தால், அதை விட்டுவிட்டுத்தான் சீசன் டிக்கெட் விலையைக் கணக்கிட வேண்டும்.

பக்கவாத்தியத் தேர்வு ஆவணியிலேயே தொடங்க வேண்டும். பெண் மிருதங்கக் கலைஞர்களின் பெயர்களைச் சபாவே மாலைப் பாடகர்களிடம் முதலில் முன்வைக்க வேண்டும்; கடைசியில் கேட்டால் கடைசிப் பதில்தான் வரும். மறுப்பவர் மறுக்கட்டும், கேட்டோம் என்பதாவது பதிவாகும்.

நாகஸ்வரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு மாலை நிரந்தரமாக வேண்டும் என்றும், அதற்கான நன்கொடையைத் தனியாகத் திரட்ட வேண்டும் என்றும், அன்று முதல் மூன்று வரிசையைக் காலியாக விட வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். நேரத்தைப் பொறுத்தவரை, வேலை நாட்களில் ஆறரையும் சனி ஞாயிறுகளில் ஆறும் என்று பிரித்துப் பார்க்கலாம்.

கமிட்டி இவற்றில் பக்கவாத்தியப் பெயர்கள், விளக்க வரி, நாகஸ்வர மாலை மூன்றையும் ஏற்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவு செய்தது. தேர்வு விதியை எழுதிவைப்பதில் இன்னும் இழுபறி இருக்கிறது. அந்த மாணவியின் கடிதத்துக்குப் பதில் எழுதும் பொறுப்பை நாகஸ்வர யோசனை சொன்ன இளைய உறுப்பினர் ஏற்றுக்கொண்டார். வரும் சீசனுக்கான பக்கவாத்தியப் பேச்சுவார்த்தைக்கும் அவரையே நியமித்திருக்கிறார்கள்.